பரண் மேல் கிடக்கும் லேப்டாப்: லினக்ஸ் மெதுவாகிப்போன கதை

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் மணப்பாறையைத் தாண்டினால் வையம்பட்டி வரும். இந்த மாதிரி ஊர்களில் போய், "உங்க வீட்டுக்குள்ள வந்த முதல் கம்ப்யூட்டர் எது?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். "கவர்மெண்ட் லேப்டாப்!" அக்கா பிளஸ் டூ படித்தபோது கொடுத்தது, அண்ணன் பாலிடெக்னிக்கில் வாங்கியது என்று அதற்கு ஒரு வரலாறும் சேர்ந்தே வரும்.

சரி, அந்த லேப்டாப் இப்போது எங்கே? சில வீடுகளில் உடைந்துவிட்டது. சில வீடுகளில் கைமாறிவிட்டது. இன்னும் பல வீடுகளில் துணியில் சுற்றிப் பரண் மேல் கிடக்கிறது. கேட்டால், "ஓடுது... ஆனா ரொம்ப ஸ்லோ" என்பார்கள்.

இங்கேதான் ஒரு கேள்வி. கம்ப்யூட்டருக்கு வயதாகுமா? மனிதனுக்கு மூட்டு தேயும், மாட்டுக்குப் பல் தேயும். ஆனால் 2 கிகாஹெர்ட்ஸ் சிப் 2011-ல் ஒரு நொடிக்கு 200 கோடி முறை துடித்தது என்றால், இன்றும் அதே 200 கோடி முறைதான் துடிக்கிறது. பிறகு எப்படி மெதுவானது?

பதில் லேப்டாப்புக்குள் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி வரலாற்றில் இருக்கிறது. பழைய லினக்ஸ் லேப்டாப்பின் தாமதங்கள் பலவற்றுக்கும் ஒரு தேதி உண்டு. அந்தத் தேதிகள் தெரிந்தால் நோய் எது என்பதும் தெரிந்துவிடும், மருந்தும் தெரிந்துவிடும்.

1. லேப்டாப் வந்த கதை

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கப்பட்டது. தொடங்கி வைத்தவர் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும், கலை அறிவியல், பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் தரப்பட்டது. வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு எல்காட் நிறுவனத்துடையது. கொரோனா காலத்தில் நின்று போவதற்குள் 50 லட்சத்துக்கும் அதிகமான லேப்டாப்கள் மாணவர்கள் கைக்குப் போயிருந்தன. மூடியில் முதல்வர் படம், உள்ளே 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆரம்பத் தவணைகளின் பொதுவான உருவம் இதுதான். பிற்காலத் தவணைகளில் ரேம் 4 ஜிபி ஆனது.

அதில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ். திறந்ததும் எது வேண்டும் என்று கேட்கும். பலர் அந்த இரண்டாவது வரியைத் தொட்டதே இல்லை என்பது வேறு சோகம்!

பாஸ் என்பது "பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்" என்பதன் சுருக்கம். சென்னை சி-டாக் மையத்தில், டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து உருவாக்கப்பட்டது. முதல் பதிப்பு 2007 ஜனவரியில் வந்தது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பயன்படுத்தலாம் என்பதுதான் அதன் பெருமை. லினக்ஸ் தமிழக அரசுக்கும் புதிதல்ல. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்திலேயே அந்த நிறுவனம் சூசே லினக்ஸ் பக்கம் திரும்பியிருந்தது. 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாற வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கலாம்.

ஆக, பரண் மேல் இருப்பது லினக்ஸுக்கு அந்நியமான கருவி அல்ல. பிறக்கும்போதே லினக்ஸோடு பிறந்தது.

2. முதல் தேதி: 2011, படம் வரையும் வேலை

ஒரு வேடிக்கையைப் பாருங்கள். லேப்டாப் திட்டம் தொடங்கிய அதே 2011-ல்தான் லினக்ஸின் முகமே மாறியது.

அதற்கு முன் ஜினோம் 2, கேடிஈ 3 என்ற டெஸ்க்டாப் சூழல்கள் கோலோச்சின. சில நூறு எம்பி ரேமிலேயே அவை ஓடும். 2008 ஜனவரியில் கேடிஈ 4.0 வந்தது. கண்ணுக்கு அழகு, ஆனால் கனம். 2011 ஏப்ரலில் ஜினோம் 3 வந்தது. அதே மாதம் உபுண்டு தன் பங்குக்கு யூனிட்டி என்ற புது முகத்தை மாட்டிக்கொண்டது. ஜன்னல்கள் மிதந்து வருவது, நிழல் விழுவது, சுருங்கி விரிவது எல்லாமே முப்பரிமாண கிராபிக்ஸ் வேலைகள். கிராபிக்ஸ் சிப் நன்றாக இருந்தால் அது வரைந்துவிடும்.

சிப் சுமாரானது அல்லது அதற்கு லினக்ஸில் ஒழுங்கான டிரைவர் இல்லை என்றால்? ஜினோம் 3 ஆரம்பத்தில் இப்படிப்பட்ட கணினிகளுக்கென்று ஓர் எளிய மாற்று முகத்தை வைத்திருந்தது. 2013 மார்ச்சில் வந்த 3.8 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து டிரைவர் இல்லாத இடத்தில் கிராபிக்ஸ் சிப்பின் வேலையையும் சேர்த்து பிராசஸரே செய்ய வேண்டியதாயிற்று. சமையல்காரரையே பந்தியும் பரிமாறச் சொன்ன கதைதான்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். செட்டிங்ஸில் கணினியைப் பற்றிய பக்கத்தில் கிராபிக்ஸ் என்ற இடத்தில் "எல்எல்விஎம்பைப்" என்று இருந்தால், பிராசஸர்தான் படம் வரைகிறது என்று அர்த்தம்.

இந்த மாற்றத்தால் கோபப்பட்டவர்கள் ஏழைகள் மட்டுமல்ல. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2011 ஆகஸ்டில் ஜினோம் 3-ஐத் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஈ பக்கம் போனார். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒருவர் ஜினோம் 2-ஐ அப்படியே பிரதி எடுத்து "மாட்டே" என்ற பெயரில் உயிரோடு வைத்தார். தைவானில் 2006-லேயே ஹாங் ஜென் யீ தொடங்கியிருந்த எல்எக்ஸ்டிஈ திடீரென்று பிரபலமானது. அதை வைத்து உருவான லுபுண்டு, 2011 அக்டோபரில் உபுண்டு குடும்பத்தின் அதிகாரப்பூர்வ உறுப்பினர் ஆனது. பிறகு 2018 அக்டோபரில் எல்எக்ஸ்கியூடிக்கு மாறிக்கொண்டது.

ஜினோம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. உபுண்டுவின் தாய் நிறுவனமான கேனானிகலின் டேனியல் வான் வக்ட் போன்றவர்கள் தாமதங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தார்கள். 2019 செப்டம்பரில் வந்த 3.34 பதிப்பில் வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது. ஆனாலும் 2 ஜிபி ரேமுக்கு எக்ஸ்எஃப்சிஈ, எல்எக்ஸ்கியூடி, மாட்டே போன்றவையே பொருத்தம்.

3. இரண்டாவது தேதி: 2007, ஒரு டாக்டரின் கோபம்

பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னணியில் ஒரு பெரிய ஃபைல் விரிகிறது. பாட்டு திக்குகிறது, மவுஸ் குதிக்கிறது. இந்தத் திக்கல் வேறு ஜாதி நோய். பிராசஸருக்குச் சக்தி இருக்கிறது, ஆனால் யாருக்கு எப்போது கொடுப்பது என்பதில் குழப்பம். அதை முடிவு செய்யும் பகுதிக்கு ஷெட்யூலர் என்று பெயர்.

ஆஸ்திரேலியாவில் கான் கோலிவாஸ் என்று ஒரு மயக்க மருந்து மருத்துவர். கம்ப்யூட்டர் அவருக்குத் தொழில் அல்ல. லினக்ஸ் கெர்னலைப் பெரிய சர்வர்களுக்கே செதுக்குகிறார்கள், வீட்டில் உட்கார்ந்து பயன்படுத்துபவனை மறந்துவிட்டார்கள் என்பது அவருடைய ஆதங்கம். தானே நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, எல்லோருக்கும் சமமாக நேரம் பிரித்துத் தரும் ஷெட்யூலர் ஒன்றை எழுதினார். 2007-ல் அதே கருத்தைக் கொண்டு இங்கோ மோல்நார் எழுதிய சிஎஃப்எஸ் ஷெட்யூலர்தான் அதிகாரப்பூர்வ கெர்னலில் சேர்ந்தது. அக்டோபரில் வந்த 2.6.23 பதிப்பு அது. கோலிவாஸ் மனம் வெறுத்து ஒதுங்கினார். (2009-ல் இன்னொரு ஷெட்யூலரோடு திரும்பி வந்தார். டாக்டருக்கு விட மனமில்லை!)

2010 நவம்பரில் மைக் கால்பிரெய்த் சுமார் 200 வரிகளில் ஒரு திருத்தம் எழுதினார். பின்னணியில் நூறு வேலைகள் ஓடினாலும் அவற்றை ஒரே கூட்டமாகக் கட்டி, அந்தக் கூட்டத்துக்கு ஒரு பங்கு, உங்கள் கண்முன் இருக்கும் வேலைக்கு ஒரு பங்கு என்று பிரித்தது அது. 2011 மார்ச்சில் 2.6.38 கெர்னலில் சேர்ந்தது. 2023 அக்டோபரில் 6.6 பதிப்போடு சிஎஃப்எஸ்ஸுக்கு பதிலாக ஈஈவிடிஎஃப் என்ற புதிய முறை வந்தது.

இந்த நோயின் வரலாறு ஓர் ஆச்சரியமான உண்மையைச் சொல்கிறது. பழைய லேப்டாப்பில் எல்லாப் புது மென்பொருளும் கெடுதல் அல்ல. டெஸ்க்டாப் சூழல் கனமாகிக்கொண்டே போனபோது, அடியில் இருந்த கெர்னல் பல விஷயங்களில் நல்லதாகிக்கொண்டே வந்திருக்கிறது. ஆகவே "பழைய மெஷினுக்குப் பழைய லினக்ஸே போதும்" என்பது தவறான யோசனை. மேலே எளிய முகம், அடியில் புதிய கெர்னல். இதுதான் சரியான ஜோடி.

4. மூன்றாவது தேதி: 2008, பிரவுசர் என்னும் பெருந்தீனி

2008 செப்டம்பரில் கூகுள் குரோம் வந்தது. ஒவ்வொரு டேபுக்கும் தனித்தனிப் பிராசஸ் என்பது அதன் புதுமை. ஒரு பக்கம் செத்தாலும் மற்றவை பிழைக்கும். நல்ல யோசனைதான், ஆனால் ரேம் செலவு அதிகம். ஃபயர்பாக்ஸும் 2016-ல் இந்த வழிக்கு வந்தது. இணையப் பக்கங்களும் வருடத்துக்கு வருடம் குண்டாகிக்கொண்டே போயின. தானாக ஓடும் வீடியோ, விளம்பரம், சாட் பெட்டி என்று ஒரே பக்கத்தில் ஒரு கடைத்தெருவே இருக்கிறது.

உபுண்டு தனக்கு வேண்டும் என்று பரிந்துரைக்கும் ரேம் 2018 ஏப்ரல் பதிப்பில் 2 ஜிபியிலிருந்து 4 ஜிபி ஆனது. அந்த ஒரு நாளில் ஆரம்பகால இலவச லேப்டாப்கள் எல்லாம் கோட்டுக்குக் கீழே போய்விட்டன. லேப்டாப் மாறவில்லை, கோடுதான் நகர்ந்தது!

ரேம் நிறைந்தால் லினக்ஸ் என்ன செய்யும்? உடனே தேவைப்படாதவற்றை ஹார்ட் டிஸ்கில் ஸ்வாப் என்ற இடத்துக்குத் தள்ளும். கேட்கும்போது திரும்ப எடுத்து வரும். அளவோடு இருந்தால் பிரச்சினை இல்லை. அளவு மீறினால் தள்ளுவதும் எடுப்பதுமே முழு நேர வேலையாகிவிடும். மவுஸ்கூட நகராது, ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரியும். பழைய லேப்டாப் வைத்திருந்த எல்லோரும் பார்த்த காட்சி இது.

இதற்கும் மருந்துகள் தேதியோடு வந்தன. ரேமின் ஒரு பகுதியில் தகவல்களைச் சுருக்கி வைக்கும் "ஸீராம்" 2014 மார்ச்சில் 3.14 கெர்னலில் முழு உறுப்பினர் ஆனது. மெத்தையை அமுக்கிப் பெட்டிக்குள் வைப்பது போன்ற உத்தி. பிராசஸருக்குக் கொஞ்சம் வேலை கூடும், ஆனால் ஹார்ட் டிஸ்குக்குப் போய் வருவதைவிட எத்தனையோ மடங்கு வேகம். 2021-ல் ஃபெடோரா 34, ரேம் தீர்ந்து கணினி உறைந்துபோகும் முன்பே பெரிய தீனிக்காரனை நிறுத்தும் "சிஸ்டம்டி-ஊம்டி" சேவையைத் தானாகவே இயங்க வைத்தது. எந்தப் பக்கத்தை வெளியே தள்ளுவது என்று தேர்ந்தெடுக்கும் முறை 2022 டிசம்பரில் வந்த 6.1 கெர்னலில் புதுப்பிக்கப்பட்டது.

டெர்மினலில் "ஃப்ரீ" என்ற கட்டளையைக் கொடுத்தால் ரேமும் ஸ்வாபும் எவ்வளவு நிறைந்திருக்கின்றன என்று தெரியும். இங்கே ஒரு எச்சரிக்கை. அதில் "ஃப்ரீ" என்ற கட்டத்தில் எண் குறைவாக இருப்பதைப் பார்த்து பயப்படக் கூடாது. சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் தற்காலிகச் சேமிப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளும், கேட்டால் விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது "அவெய்லபிள்" என்ற கட்டத்தை.

5. தேதி இல்லாத நோய்கள்

இதுவரை சொன்னவை எல்லாம் உலகம் மாறியதால் வந்தவை. உண்மையிலேயே வயதாகும் பாகங்களும் உண்டு. அவை குறைவுதான்.

முதலாவது, ஹார்ட் டிஸ்க். லேப்டாப்களில் இருந்தவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுபவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்டு. தேடும் தகவல் முள்ளுக்கு அடியில் வர சராசரியாக அதில் பாதி. முள் நகர ஏறக்குறைய 12 மில்லி செகண்டு. ஆக ஒரு தகவலை எடுக்க சுமார் 17 மில்லி செகண்டு. அதாவது, சிதறிக் கிடக்கும் தகவல் என்றால் ஒரு நொடிக்கு அறுபது முறைகூட எடுக்க முடியாது. சாலிட் ஸ்டேட் டிரைவ் எனப்படும் எஸ்எஸ்டியில் முள்ளும் இல்லை, சுற்றும் இல்லை. நொடிக்குப் பல ஆயிரம் முறை எடுக்கலாம். இத்தனைக்கும் இலவச லேப்டாப் வந்த நாளிலேயே ஹார்ட் டிஸ்க் இப்படித்தான் இருந்தது. கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்த மென்பொருள் நிறையக் கேட்க ஆரம்பித்ததும் இது மூச்சு வாங்குகிறது. வருடங்கள் ஆகி வட்டில் பழுதான இடங்கள் தோன்றினால், படித்ததையே திரும்பத் திரும்பப் படித்து இன்னும் தாமதம் செய்யும். அப்படியானால் முதல் வேலை வேகம் அல்ல. உள்ளே இருக்கும் போட்டோக்களையும் சான்றிதழ்களையும் வேறு இடத்துக்கு நகல் எடுப்பதுதான்!

இரண்டாவது, தூசி. விசிறியில் தூசி அடைத்து, சிப்புக்கும் உலோகத்துக்கும் நடுவே இருக்கும் பசை காய்ந்துபோனால் சூடு வெளியேறாது. சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆரம்பத்தில் சொன்ன 200 கோடித் துடிப்பு குறைவது இந்த ஓர் இடத்தில்தான். திறந்து ஐந்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மெதுவானால் சந்தேகப்பட வேண்டியது இதை.

6. நோய்க்கு ஏற்ற மருந்து

வரலாறு தெரிந்துவிட்டால் வைத்தியம் நீளமானது அல்ல. மெதுவாக இருக்கும் அந்த நேரத்திலேயே "டாப்" கட்டளையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

- பிராசஸர் உழைக்கிறது, அதில் டெஸ்க்டாப் சூழலின் பெயரே முதலில் நிற்கிறது என்றால், அது 2011-ன் நோய். எளிய டெஸ்க்டாப் சூழலுக்கு மாறலாம்.
- ரேம் தீர்ந்து ஸ்வாப் நிறைகிறது என்றால், 2008-ன் நோய். டேபைக் குறைக்கலாம், ஸீராம் போடலாம், இடம் இருந்தால் இன்னொரு ரேம் சேர்க்கலாம்.
- பிராசஸர் சும்மா இருக்கிறது, ஆனால் "டபிள்யூஏ" என்ற எண் ஏறி நிற்கிறது என்றால், எல்லோரும் ஹார்ட் டிஸ்குக்காக வரிசையில் நிற்கிறார்கள். எஸ்எஸ்டி மாற்றலாம். இதைவிடப் பெரிய பலன் தரும் ஒற்றை மாற்றம் வேறு இல்லை.
- எல்லாமே சாதாரணமாக இருந்தும், சூடாக ஆக மெதுவாகிறது என்றால், தூசி.

நோய் பார்க்காமல் மருந்து வாங்குவதுதான் வீண் செலவு. கிராபிக்ஸ் டிரைவர் இல்லாத லேப்டாப்புக்கு ரேம் வாங்கிப் போட்டாலும் ஜன்னல் அப்படியேதான் தடுமாறும்.

7. கணக்குப் புத்தகம் சொல்வதும் சொல்லாததும்

வணிகவியல் மாணவர்களுக்குத் தேய்மானம் தெரியும். 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி லேப்டாப்பின் பயன்பாட்டுக் காலம் 3 ஆண்டுகள். வருமான வரிக் கணக்கில் 2017 வரை கணினிக்குத் தேய்மானம் 60 சதவீதம், அதன் பிறகு 40 சதவீதம். ஒரு பேச்சுக்கு 15,000 ரூபாய் லேப்டாப்பை 60 சதவீதத்தில் குறைத்துக்கொண்டே வந்தால் முதல் வருட முடிவில் 6,000, இரண்டாவது வருடம் 2,400, மூன்றாவது வருடம் 960 ரூபாய். புத்தகத்தைப் பொறுத்தவரை கதை முடிந்தது.

ஆனால் தேய்மானம் என்பது ஒரு மதிப்பீடு. கம்பெனிக்கு அது வசதி, மூன்று வருடத்தில் புதிது வாங்கிக்கொள்ளும். வீட்டில் இருந்த ஒரே கணினி பரணுக்குப் போனால், அந்த வீட்டில் அடுத்துப் படிக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ கணினி இல்லை. செல்போனில் டேலி பழக முடியாது, புராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்க முடியாது.

விண்டோஸ் வழியும் அடைபட்டுவிட்டது. விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் வசதிகள் 2011-ன் லேப்டாப்களில் கிடையாது. 2025-26 தமிழக பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று புதிய அறிவிப்பு வந்தது. வரவேற்க வேண்டியதுதான். அதற்காகப் பழைய 50 லட்சத்தை மறந்துவிட வேண்டுமா? புதிதாக வரும் லேப்டாப்பையும் இன்னும் பத்து வருடத்தில் யாராவது "ஸ்லோ" என்று பரணில் ஏற்றுவார்கள். கோடு மறுபடியும் நகர்ந்திருக்கும்.

மணப்பாறை மாட்டுச் சந்தையில் விவரம் தெரிந்தவர்கள் மாட்டை எட்ட நின்று பார்த்து விலை சொல்ல மாட்டார்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், அதன் பிறகுதான் வேலைக்கு ஆகுமா ஆகாதா என்பது. லேப்டாப்புக்கும் அந்த மரியாதையைக் கொடுக்கலாம். பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, சார்ஜரை மாட்டி, "டாப்" கொடுத்து ஒரு பத்து நிமிடம் பாருங்கள். கிழடு என்று ஒதுக்கிய பல லேப்டாப்களின் பிரச்சினை வயது அல்ல, சுமை என்பது தெரியவரும். சுமையை இறக்கி வைத்தால் நடக்கும்.